இடுப்பு மூட்டு மாற்று: சிக்கல்களைக் கணக்கெடுத்த வரலாறு

இடுப்பு மூட்டு மாற்று அறுவையின் வரலாற்றைப் பொருட்களின் வரலாறாக எழுதுவதே வழக்கம். யானைத் தந்தம், கண்ணாடி, அக்ரிலிக், உலோகம், பிளாஸ்டிக், பீங்கான் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்த வரிசையில் ஒவ்வொரு பொருளும் முந்தையதைவிட மேம்பட்டதாகத் தோன்றும். 2007-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஒரு கட்டுரை இதை ‘நூற்றாண்டின் அறுவை சிகிச்சை’ என்று தலைப்பிட்டுப் பாராட்டியது. வலியால் இரவில் புரளக்கூட முடியாதவரைச் சில வாரங்களில் தெருமுனை வரை நடக்கவைக்கும் சிகிச்சைக்கு அந்தப் புகழ் தகும். ஆனால் இதே வரலாற்றைச் சிக்கல்களின் பக்கமிருந்து படித்தால் வேறொரு ஓட்டம் தென்படுகிறது. சீழ், தளர்வு, எலும்பு அரிப்பு, மூட்டு விலகல், உலோக நச்சு ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஏறக்குறைய ஒவ்வொரு புதுமையோடும் கூடவே வந்தது. அது வந்திருப்பதை ஆய்வுக்கூடத்தைவிட, நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்து எண்ணியவர்களே உறுதியாகச் சொன்னார்கள். அப்படி எண்ணும் பழக்கம் எங்கே வேர்விட்டது, எப்படி நாடு தழுவிய பதிவேடாக வளர்ந்தது, அது இல்லாத இடத்தில் நோயாளிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள பந்து, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. இரண்டையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் அந்த மூட்டின்மீது உடல் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விசை விழுகிறது. சாதாரணமாக நடமாடும் ஒருவரின் மூட்டு ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் முறை இந்தச் சுமையைத் தாங்குகிறது. இயற்கை மூட்டுக்கு ரத்தமும் உயிரணுக்களும் உண்டு. அவை இல்லாத செயற்கை மூட்டு பொருத்திய நாளிலிருந்தே தேயத் தொடங்குகிறது. அறுவை முடிந்து ஆறு மாதத்தில் நோயாளி சிரித்த முகத்தோடு நடந்து வருவதை வைத்து அந்த மூட்டின் தரத்தை முடிவுகட்ட இயலாததற்கு இதுவே காரணம்.

பதிவுகள் இல்லாத காலம்

1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெர்லினில் தெமிஸ்டோக்லஸ் குளுக் யானைத் தந்தத்தில் கடைந்த மூட்டுகளை மனித உடலில் பொருத்தினார். அவற்றை எலும்போடு பிணைக்க நிக்கல் பூசிய திருகுகளையும், பாரிசுச் சாந்தும் நுரைக்கல் தூளும் பைன் பிசினும் கலந்த ஒரு பசையையும் பயன்படுத்தினார். எலும்புச் சிமென்ட் என்ற கருத்தின் முன்னோடி அந்தப் பசைதான். அவரிடம் வந்தவர்களில் பலர் மூட்டுக் காசநோயால் பாதிக்கப்பட்டவர்கள். முதலில் நன்றாக இருந்த மூட்டுகள் பிறகு சீழ்பிடித்தன. காசநோய் உள்ள மூட்டில் இதைச் செய்யக்கூடாது என்று குளுக்கே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

தந்தத்தின் கதை பெர்லினோடு முடியவில்லை. 1960-இல் பர்மாவின் மாந்தளை பொது மருத்துவமனையில், தொடை எலும்பின் கழுத்து முறிந்து கூடாமல்போன 83 வயதுப் பௌத்தப் பெண் துறவி ஒருவருக்கு மருத்துவர் சான் பா தந்தத்தில் செதுக்கிய பந்தைப் பொருத்தினார். அடுத்த இருபது ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு அதே சிகிச்சையைச் செய்தார். 1969-இல் லண்டனில் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் சங்கக் கூட்டத்தில் அவர் எடுத்துவைத்த முடிவுகள் 88 சதவீத வெற்றியைக் காட்டின. நடப்பது மட்டுமின்றிக் குந்தி உட்காருவது, மிதிவண்டி ஓட்டுவது போன்றவற்றையும் அவர் வெற்றிக்கு அடையாளமாகக் கொண்டார். தரையில் வாழும் மக்களுக்கு ஏற்ற அளவுகோல் அது. மேற்கத்திய மதிப்பெண் முறைகள் நாற்காலியையும் படிக்கட்டையும் வைத்தே வகுக்கப்பட்டிருந்தன என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இடைப்பட்ட காலம் துணிச்சல் நிறைந்தது, ஆனால் கணக்கு மெலிந்தது. பாஸ்டனில் மாரியஸ் ஸ்மித்-பீட்டர்சன் 1923-இல் பந்தின்மேல் கண்ணாடிக் கவசத்தைப் பொருத்தினார். உடலுக்கு அது ஒத்துக்கொண்டாலும் சுமையில் உடைந்தது. 1938-இல் அவர் விட்டாலியம் என்ற கோபால்ட் குரோமியக் கலவைக்கு மாறினார். அதே 1938-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பிலிப் வைல்ஸ் பந்து, கிண்ணம் இரண்டையுமே துருப்பிடிக்காத எஃகில் செய்து ஆறு பேருக்குப் பொருத்தினார். முழு இடுப்பு மூட்டு மாற்று அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் போர்க் காலத்தில் அந்த நோயாளிகளின் பதிவுகள் தொலைந்துவிட்டன. முதல் முயற்சியின் முடிவு என்ன என்பதை முழுமையாக அறியும் வழி அத்தோடு அடைபட்டது.

1946-இல் பாரிசில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக்கில் செய்த பந்தைப் பொருத்தத் தொடங்கினர். உடனடிப் பலன் அருமையாக இருந்ததால் பல நாடுகளில் அது வேகமாகப் பரவியது. சில ஆண்டுகளில் அக்ரிலிக் தேய்ந்தது, உடைந்தது.

ரைட்டிங்டனில் நடந்தது

அந்த ஜூடே மூட்டுதான் ஜான் சார்ன்லியை இந்தத் துறைக்குள் இழுத்தது. அவரிடம் வந்த ஒருவரின் அக்ரிலிக் மூட்டு, அசையும்போதெல்லாம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் தாளாமல் அவர் மனைவி அறையைவிட்டே எழுந்துபோய்விடுவாராம். சத்தத்துக்குக் காரணம் உராய்வு. அந்த உராய்வே மூட்டைப் பெயர்த்துத் தளர்த்தும் என்று சார்ன்லி ஊகித்தார். இங்கிலாந்தின் லங்காஷயரில், முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டனில் அவர் ஆய்வைத் தொடங்கினார். மூன்று முடிவுகளுக்கு வந்தார். பந்து சிறிதாக இருந்தால் உராய்வின் திருகுவிசை குறையும் என்பதால் 22 மில்லிமீட்டரை ஒட்டிய விட்டம் கொண்ட உலோகப் பந்து. வழுக்கும் பிளாஸ்டிக்கில் கிண்ணம். இரண்டையும் எலும்பில் அமர்த்த, பல் மருத்துவத்தில் புழங்கிய அக்ரிலிக் சிமென்ட். சிமென்ட் யோசனைக்கு மான்செஸ்டரில் பல் மருத்துவப் பொருட்களை ஆராய்ந்த டென்னிஸ் ஸ்மித் துணைநின்றார்.

வழுக்கும் பிளாஸ்டிக் என்று சார்ன்லி முதலில் தேர்ந்தது டெஃப்லான். 1950-களின் கடைசியில் தொடங்கி ஏறத்தாழ முந்நூறு பேருக்கு அதைப் பொருத்தினார். முதல் ஆண்டு முடிவுகள் மிகச் சிறப்பாக இருந்தன. 1961-இல் லான்செட் இதழில் எழுதினார். ஆனால் அவர் தம் நோயாளிகளை விடவில்லை. தொடர்ந்து அழைத்துப் பார்த்தபோது ஓரிரு ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் குடையப்பட்டது போலத் தேய்ந்திருந்தன. தேய்ந்த துகள்களைச் சுற்றி உடல் கட்டிகளை உண்டாக்கி, அவை எலும்பைத் தின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக அவரே வெளியே எடுக்க வேண்டியிருந்தது. டெஃப்லான் தூளைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு, அங்கே கட்டி வருவதைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்து அதை வெளியிட்டார். தம் தோல்வியை இவ்வளவு நேராக எதிர்கொண்ட மருத்துவ ஆய்வாளர்கள் குறைவு.

அடுத்த திருப்பம் லங்காஷயரின் நெசவாலைகளிலிருந்து வந்தது. 1962 மே மாதத்தில் ஒரு விற்பனையாளர், தறிகளின் பல்சக்கரங்களுக்குப் பயன்படும் உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைச் சார்ன்லியின் தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவனிடம் கொடுத்தார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிரேவன் தாமே வடிவமைத்த தேய்மானச் சோதனைப் பொறியில் அதை ஏற்றி ஓடவிட்டார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்கு அது தேயவில்லை. அதே ஆண்டு நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் நடக்கும் இடுப்பு மூட்டு மாற்றுகளில் பெரும்பாலானவை அந்தக் கிண்ணத்தின் வழிவந்தவை.

டெஃப்லான் கற்பித்ததைச் சார்ன்லி மறக்கவில்லை. நோயாளிகள் ஆண்டுதோறும் திரும்பிவந்து காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். இறந்த பின் மூட்டை எடுத்து ஆராய அனுமதி கேட்டார். பலர் மனமுவந்து தந்தனர். தம் மூட்டை விரும்பிய எல்லோருக்கும் விற்க அவர் இடம் தரவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து பயின்றவர்களுக்கே தொடக்கத்தில் அது கிடைத்தது. இவற்றைச் சார்ன்லியின் பிடிவாதக் குணத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். டெஃப்லான் முந்நூறு பேரோடு நின்றுபோனதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பிடிவாதம் எத்தனை பேரைக் காத்தது என்பது விளங்கும்.

அவரை வாட்டிய இன்னொரு சிக்கல் ஆழ்ந்த சீழ். தொடக்க ஆண்டுகளில் அது 7 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. செயற்கை மூட்டில் கிருமி ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் மூட்டையே எடுக்க வேண்டிவரும். அறையின் காற்றில் மிதக்கும் கிருமிகளே குற்றவாளி என்று கருதிய சார்ன்லி, ஹோவர்த் என்ற பொறியாளரோடு சேர்ந்து வடிகட்டிய காற்று மேலிருந்து கீழே பாயும் அறுவைக் கூடத்தை உருவாக்கினார். மருத்துவர்கள் மூச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் முழு உடை அணிந்தனர். சீழ் விகிதம் 1 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. ஆனால் கையுறை, உடை, தையல்முறை என்று பல மாற்றங்கள் ஒரே காலத்தில் நிகழ்ந்ததால் எது காரணம் என்பது தெளிவாகவில்லை. பிரிட்டனிலும் சுவீடனிலும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஒப்பிட்ட சோதனையின் முடிவுகள் 1982-இல் வெளியாயின: சாதாரணக் கூடங்களில் 1.5 சதவீதம், மிகத் தூய காற்றுக் கூடங்களில் 0.6 சதவீதம். சார்ன்லி அந்த ஆண்டே மறைந்தார். கதை அங்கும் நிற்கவில்லை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை அறுவைக்கு முன்பே செலுத்தும் வழக்கம் எங்கும் வந்த பிறகு, நியூசிலாந்துப் பதிவேட்டின் தரவுகளில் அந்தக் கூடங்களின் தனிப் பலன் தென்படவில்லை. மூட்டு மாற்றுக்கு அவை தேவையில்லை என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. துறையின் மிகப் பெரிய மனிதரின் மிக விருப்பமான கண்டுபிடிப்பையும் எண்ணிக்கை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது.

சிமென்ட்மீது விழுந்த பழி

1970-களில் எக்ஸ்-ரே படங்களில் செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பில் ஓட்டைகள் தென்பட்டன. பாஸ்டனில் வில்லியம் ஹாரிஸ் 1976-இல் இவற்றை விவரித்தார். புற்றோ கிருமியோ அங்கே இல்லை. மூட்டு மட்டும் தளர்ந்துகொண்டிருந்தது. சிமென்ட் துகள்களே காரணம் என்று பலர் நம்பி, அதற்குச் ‘சிமென்ட் நோய்’ என்றே பெயரிட்டனர். சிமென்ட் இல்லாமல், துளை நிறைந்த உலோகப் பரப்புக்குள் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும் மூட்டுகள் 1980-களில் வெள்ளமாக வந்தன. ஓட்டைகள் அவற்றைச் சுற்றியும் தோன்றின.

உண்மையான காரணம் பாலிஎத்திலீன் தேய்மானம். ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் என்பது சொற்பமாகத் தெரியலாம். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துகள்களாக உதிர்கிறது. உடலின் விழுங்கணுக்கள் அவற்றை விழுங்கி, செரிக்க முடியாமல், எலும்பை அரிக்கும் உயிரணுக்களைத் தூண்டும் வேதிப்பொருட்களை வெளியிடுகின்றன. ஜெர்மனியின் ஹான்ஸ் வில்லெர்ட் 1970-களிலேயே இதன் அடிப்படையைச் சொல்லியிருந்தார். கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்காகப் பிணைத்த பாலிஎத்திலீன் 1990-களின் இறுதியில் வந்த பிறகே தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. பிரான்சில் பியேர் பூத்தன் 1970-இல் தொடங்கிவைத்த பீங்கான் மூட்டும் இதே சிக்கலுக்கு வேறொரு விடை.

மூட்டு விலகல், நரம்புப் பாதிப்பு, காலின் நீள வேறுபாடு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது ஆகியவை பொருளைவிட அறுவை முறையையும் கவனிப்பையும் சார்ந்தவை. உறைவுத் தடுப்பு மருந்துகளும், அறுவைக்கு மறுநாளே எழுப்பி நடக்கவைப்பதும் கடைசியில் சொன்ன ஆபத்தைக் குறைத்தன. விலகலுக்காகப் பிரான்சில் ஜீல் பூஸ்கே 1970-களில் பந்துக்குள் பந்து சுழலும் இரட்டை அசைவு மூட்டை உருவாக்கினார். இவற்றை இங்கே விரிக்கவில்லை. நம் கேள்விக்கு நெருக்கமானது அடுத்து வருவது.

பதிவேடுகள்

ஒரு மருத்துவர் தம் நோயாளிகளை எண்ணுவதற்கும் ஒரு நாடு எண்ணுவதற்கும் வேறுபாடு உண்டு. திறமை மிக்க ஒருவர் கையில் எந்த மூட்டும் நன்றாக வேலை செய்யலாம். அதே மூட்டு நூறு மருத்துவமனைகளில் எப்படி நடந்துகொள்கிறது என்பதே நோயாளிக்குத் தேவையான செய்தி. சுவீடன் 1979-இல் இடுப்பு மூட்டுகளுக்கான தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. எந்த மூட்டு, எந்த மருத்துவமனை, எந்த முறை, எப்போது மறு அறுவை ஆகியவை பதிவாயின. தங்கள் மருத்துவமனையின் எண்ணைப் பிறவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவர்கள் முறைகளை மாற்றிக்கொண்டார்கள். நார்வே, கிறிஸ்டியன்சன் என்ற மூட்டு பெருமளவில் தோற்ற கசப்பான அனுபவத்துக்குப் பின் 1987-இல் தன் பதிவேட்டைத் தொடங்கியது.

அதன் பயன் விரைவில் தெரிந்தது. உறையும்போது குறைவான வெப்பத்தையே வெளியிடும், எலும்பைச் சுடாது என்ற வாக்குறுதியோடு 1991-இல் போன்லாக் என்ற புதிய சிமென்ட் வந்தது. கேட்க எல்லாமே பொருத்தமாக இருந்தது. அதைப் போட்ட மூட்டுகள் மிக முன்னதாகவே தளர்வதை நார்வேயின் பதிவேடு காட்டியது. 1995-இல் அது சந்தையிலிருந்து விலகியது. பிரிட்டனுக்கு அப்போது தேசியப் பதிவேடு இல்லை. அங்கே 1991 முதல் 1997 வரை 3எம் கேப்பிட்டல் என்ற மூட்டு சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டது. அது எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தளர்கிறது என்று 1998-இல் எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, யாருக்கெல்லாம் பொருத்தினோம் என்று மருத்துவமனைகள் பழைய கோப்புகளைத் தேட வேண்டியிருந்தது. இங்கிலாந்து, வேல்ஸின் தேசியப் பதிவேடு 2003-இல் பிறந்ததற்கு இந்த அனுபவம் ஒரு காரணம். ஆஸ்திரேலியா 1999-இல் தொடங்கியிருந்தது.

உலோகத்தின்மேல் உலோகம்

1960-களில் நார்விச்சின் ஜார்ஜ் மக்கீ, பந்தும் கிண்ணமும் உலோகமாக அமைந்த மூட்டைப் பரப்பினார். பல தளர்ந்ததால் சார்ன்லியின் மூட்டு அதைப் பின்தள்ளியது. ஆனால் மக்கீ மூட்டுகளில் சில இருபது, முப்பது ஆண்டு உழைத்தன. பிளாஸ்டிக் துகளுக்கு அஞ்சிய 1980-களில், பிழைத்திருந்த அந்தச் சிலவற்றை முன்னிறுத்தி உலோகத்துக்குத் திரும்பினார்கள். தோற்றவை எப்போதோ எடுக்கப்பட்டு மறக்கப்பட்டிருந்தன. நிலைத்தவை மட்டுமே கண்ணில் பட்டன. பர்மிங்ஹாமில் டெரெக் மக்மின் 1990-களில் வளர்த்த பரப்பு மாற்று முறை, பந்தை வெட்டாமல் அதன்மேல் உலோகத் தொப்பியைக் கவிழ்த்தது. இளம் வயதினருக்கு அது ஈர்ப்பாக இருந்தது. பெரிய பந்து எளிதில் விலகாது என்பதும் உண்மைதான்.

டிபூய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டு 2003-இல் இந்த அலையில் வந்தது. அதன் கிண்ணம் ஆழம் குறைந்தது. சற்றே சாய்ந்து அமர்ந்தாலும் பந்து கிண்ணத்தின் விளிம்பில் உரசியது. கோபால்ட், குரோமியத் துகள்கள் உதிர்ந்து தசையை அழுகச் செய்தன, கட்டி போன்ற வீக்கங்களை உண்டாக்கின. அயனிகள் ரத்தத்தில் ஏறின. மறு அறுவைகள் மிகுவதை ஆஸ்திரேலியப் பதிவேடு முதலில் சுட்டியது. 2009 டிசம்பரில் அந்நாட்டுச் சந்தையிலிருந்து நிறுவனம் அதை விலக்கிக்கொண்டது. ஐந்தாண்டில் 12, 13 சதவீத மறு அறுவை என்ற பிரிட்டன் பதிவேட்டுத் தரவுக்குப் பின், 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. 2012-இல் பிரிட்டன் பதிவேட்டின் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அலசிய ஆய்வு, தண்டுள்ள உலோக மூட்டுகளில் பந்து பெரிதாகப் பெரிதாகத் தோல்வியும் கூடுவதைக் காட்டியது. விலகலைத் தடுக்கும் என்று விரும்பப்பட்ட அதே பெரிய பந்துதான்.

இந்தியாவில் எண்ணாமல் விட்டது

இந்தியாவில் 2010 வரை சுமார் 4,700 பேருக்கு ஏஎஸ்ஆர் பொருத்தப்பட்டது. இங்கே இந்த அறுவைக்கு வருபவர்களில் பலர் இளையவர்கள்: ரத்த ஓட்டம் அற்றுப் பந்து மடிந்தவர்கள், முதுகெலும்பு இறுகும் வாதம் கண்டவர்கள், முறிவு கூடாதவர்கள். தரையில் உட்காரவும் குந்தவும் வேண்டியவர்களுக்குப் பெரிய பந்து ஏற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை. திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தபோது தேசியப் பதிவேடு எதுவும் அவர்கள் பெயரை வைத்திருக்கவில்லை. அந்த மூட்டின் இறக்குமதி உரிமம் 2012-இல்தான் ரத்தானது. 2017-இல் மத்திய அரசு மருத்துவர் அருண் அகர்வால் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் அடையாளம் காண முடிந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. ரத்தத்தில் கோபால்ட் அளவைச் சோதிக்க வேண்டும் என்ற செய்திகூட அவர்களில் எத்தனை பேரை எட்டியதோ. 2018-இல் ஊனத்தையும் வயதையும் பொறுத்து 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வகுக்கப்பட்டது. நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. மறு அறுவை செய்துகொண்டதாகச் சரிபார்க்கப்பட்டவர்களுக்குத் தலா 25 லட்சம் தர 2019-இல் ஒப்புக்கொண்டது. பெயர் பட்டியலில் இல்லாதவருக்கு இந்த வழிகள் எதுவும் திறக்கவில்லை.

இந்திய இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர் சங்கம் 2006-இலேயே ஒரு பதிவேட்டைத் தொடங்கியிருந்தது. விருப்பமுள்ள மருத்துவர்கள் தகவல் தரும் ஏற்பாடு அது. சட்டம் கேட்காதபோது, கூட்டம் நெரியும் மருத்துவமனையில் படிவம் நிரப்ப யாருக்கு நேரம்? மறு அறுவையை நோயாளி வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் செய்துகொண்டால் முதல் மருத்துவருக்கு அது தெரியாமலே போய்விடும்; அவர் கணக்கில் அந்த மூட்டு வெற்றியாகவே நிற்கும். சார்ன்லி தம் கையால் எடுத்த டெஃப்லான் கிண்ணங்கள் அவர் கண்முன் இருந்தன.

இன்று நம்மிடம் உள்ள மிகச் சிறந்த நீண்டகால மதிப்பீடு 2019-இல் லான்செட்டில் வெளியானது. இடுப்பு மூட்டு மாற்றுகளில் 15 ஆண்டு நிலைப்பவை 89 சதவீதம், 20 ஆண்டு 70, 25 ஆண்டு 58. பிரிட்டனில் நடந்த இன்னோர் ஆய்வு, 70 வயதில் செய்துகொள்பவருக்கு வாழ்நாளில் மறு அறுவை நேரும் வாய்ப்பு 5 சதவீதத்தை ஒட்டியும், ஐம்பதுகளின் தொடக்கத்தில் உள்ள ஆண்களுக்கு 30 சதவீதத்தை ஒட்டியும் இருப்பதைக் காட்டியது. முதல் கணக்கு ஆஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளிலிருந்து எடுத்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சென்னையிலோ மதுரையிலோ அறுவைக்குக் காத்திருக்கும் நாற்பது வயதுக்காரர், ‘டாக்டர், இது எத்தனை வருஷம் தாங்கும்?’ என்று கேட்டால், மருத்துவர் இந்த எண்களைத்தான் சொல்ல முடியும். அவை பெரும்பாலும் முதியவர்களின், நாற்காலியில் உட்காருபவர்களின், தேய்வு வாதத்துக்காக அறுவை செய்துகொண்டவர்களின் எண்கள். குந்தி உட்காரும் இளைய உடலில் அதே மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கு நம் மருத்துவமனைகளின் பதிவறைகளில் ஆயிரக்கணக்கான விடைகள், ஒன்றோடொன்று சேர்க்கப்படாமல் கிடக்கின்றன.